உச்சி மனையிலிருந்து மாமாவுக்கு

என் அன்புள்ள மாமாவுக்கு,

விஜயா எழுதுகிறேன். நீங்கள் இல்லாமல் இரண்டாவது தசராவும் வந்து போய்விட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன டெலிபோன் ஒருவழியாக வந்துவிட்டது. மணி அடித்தால் உங்கள் பிள்ளை இன்னமும் வாசலுக்குத்தான் ஓடுகிறார். உங்களை நினைத்தால் எனக்கு அழுகை வருவதைவிடச் சிரிப்புதான் அதிகம் வருகிறது. மாமனார் போன துக்கத்தில் ஒரு மருமகள் இப்படிச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. நீங்கள் இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

நலம் விசாரித்தாயிற்று. இனி என் புகாருக்கு வருகிறேன். உங்கள் பேத்தி நந்தினியின் கல்யாணம் இந்த வருஷம் நின்றுபோகப் பார்த்தது. காரணம் ஜாதகம் இல்லை, சீர்வரிசை இல்லை. நீங்கள் வாங்கிய வீடு. அதிலும் அந்த வீட்டின் பெயர். பயப்படாதீர்கள், பேச்சு நல்லபடியாக முடிந்துவிட்டது. முடியாமல் இருந்தால் இப்படி நிதானமாக உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பேனா?

பெயர் வந்த கதையை நீங்கள் எப்போது சொன்னாலும் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்தே சொல்வீர்கள். குறுக்கே பேசினால் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைப்பீர்கள். இப்போது முறைக்க முடியாது, அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றலாகி வந்த புதிதில், வாடகைக்கு வீடு தேடி நீங்கள் ஒரு ஜட்கா பிடித்தீர்கள். ஜட்காக்காரர் சாமராஜபுரத்தில் நம் தெருவுக்குள் வண்டியைத் திருப்பி, காலியாகக் கிடந்த இந்த வீட்டைச் சாட்டையால் காட்டி “ஹுச்சன மனெ” என்றார். கன்னடத்தில் ஹுச்ச என்றால் பைத்தியக்காரன். பைத்தியக்காரன் வீடு, ஜாக்கிரதை என்று அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை கன்னடம் தெரியாத உங்கள் காதில் அது ‘உச்சி மனை’ என்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மொட்டைமாடிக்கும் மேலே, நான்கு பக்கமும் ஜன்னல் வைத்த ஓர் உச்சி அறை. எவ்வளவு பொருத்தமான பெயர் என்று அந்த இடத்திலேயே மயங்கிவிட்டீர்கள்.

வாடகைக்கு வந்த வீட்டையே, வேறு யாரும் சீந்தவில்லை என்பதால், சில வருஷத்தில் வாங்கியும் விட்டீர்கள். அதோடு விட்டிருக்கலாம். வாசல் தூணில் கல் பதித்தீர்கள். மேலே தமிழில் உச்சி மனை, கீழே அதையே கன்னட எழுத்தில். கல் கொத்தியவர் வேலையை நிறுத்திவிட்டு, இதே எழுத்துத்தானா ஸ்வாமி, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். கன்னடத்தில் உச்செ என்றால் மூத்திரம் என்பதை அந்த மனிதர் உங்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வார்?

தெருவே வந்து அந்தக் கல்லைப் படித்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு சாரதம்மாவின் கணவர்தான் கடைசியில் உங்களை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தை உடைத்தார். ஹுச்சன மனெ என்பதற்கும் அப்போதுதான் உங்களுக்கு அர்த்தம் தெரிந்தது. மறுநாளே கன்னட வரிமேல் சிமெண்ட் பூசினீர்கள். தமிழ் வரியை மட்டும் தொடவில்லை. ஜட்காக்காரர் சொன்னது அவருக்கு, நான் கேட்டது எனக்கு என்று அத்தையிடம் சொன்னீர்களாம். ஆக, நமக்கு அது உச்சி மனை. தெருவுக்கு இன்றுவரை ஹுச்சன மனெ.

தெருக்காரர்களைக் குற்றம் சொல்லி என்ன? வீடும் லேசுப்பட்டதா? அரண்மனைக் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இன்ஜினியர் தனக்கென்று கட்டியது. எல்லா வீடும் தெருவைப் பார்த்து நிற்க, இது மட்டும் கோணலாகத் திரும்பி, தன் மூலையைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வாசற்கதவு பக்கவாட்டில் ஒளிந்திருக்கிறது. சமையலறையோ மாடியில், அதற்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு. கல்யாணமாகி வந்த அன்று வலது காலை எடுத்து வை என்றார்கள். எங்கே வைப்பது, வாசலைக் காணோமே என்று முழித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உங்கள் கட்சி எப்போதும் ஒன்றுதான். உச்சி அறையிலிருந்து சாமுண்டி மலையைப் பார்க்கவே அந்த இன்ஜினியர் வீட்டைத் திருப்பினார் என்பீர்கள். அப்படியானால் சமையலறையை ஏன் மாடிக்கு ஏற்றினார் என்று கேட்டால், புகை போகத்தான் என்று ஒரு பதில் வைத்திருப்பீர்கள். அரிசி மூட்டையும் காய்கறிப் பையுமாகப் படி ஏறி இறங்கிய எனக்கு, தெருக்காரர்கள் சொல்வதுதான் நியாயமாகப் பட்டது.

ஆனால் ஒன்று, இந்தத் தெருவில் நம் வீடு மட்டும் தனியாக இல்லை. சாரதம்மாவின் கப்பல் வீடு அப்படியே இருக்கிறது, வட்ட ஜன்னலும் மொட்டைமாடியில் கொடிமரமுமாக. கடலையே பார்க்காத அவருடைய மாமனார் காலண்டர் படத்தைப் பார்த்துக் கட்டியது. எதிரே அண்ணன் தம்பி வீடு. பிள்ளைகள் இருவரும் பின்னால் சண்டை போடுவார்கள் என்று அப்பா முன்யோசனையாக இரண்டு வாசல், இரண்டு மாடிப்படி, இரண்டு துளசி மாடம் வைத்துக் கட்டினார். பிள்ளைகள் சண்டையே போடவில்லை. வலது வாசல் பூட்டு துருப்பிடித்து, அனந்தண்ணாவும் சேஷண்ணாவும் தலை நரைத்த பிறகும் இடது வாசல் வழியாகவே போய் வருகிறார்கள். தெருமுனைக் கோபுர வீட்டில், வாங்க முடியாத கடிகாரத்துக்குப் பதிலாக வரைந்து வைத்த கடிகாரம் இப்போதும் பத்தேகால்தான் காட்டுகிறது.

பக்கத்துத் தெருக்களில் பழைய வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டிக்கொண்டே வருகிறார்கள். நம்மிடமும் கேட்டார்கள். வந்த ஆள் வாசலைத் தேடிச் சுற்றிய சுற்றிலேயே களைத்துப்போய் மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இனி கல்யாண விஷயம். நந்தினிக்கு இங்கேயே ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை கிடைத்ததுவரை உங்களுக்குத் தெரியும். அதே கம்பெனி பஸ்ஸில் வரும் பிரபாகர் என்ற பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. சேலத்துக்காரன், இன்ஜினியர், நிதானமான பேச்சு. முறைப்படி உறவுக்காரர் ஒருவர் மூலமாகப் பேச்சை ஆரம்பித்தார்கள். ஜாதகம் பொருந்தியது. நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்றார்கள்.

பெண் வீட்டைப் பற்றித் தெருவில் நாலு பேரிடம் விசாரிப்பது உலக வழக்கம்தானே. அதற்காகப் பையனின் பெரியப்பா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். அவர் புளி வியாபாரி. கர்நாடக எல்லைக்குள் ராமாபுரம் பக்கம் கொள்முதலுக்குப் போய்வந்ததில் கொஞ்சம் கன்னடம் தெரியும். சந்தையில் சண்டை போடக் கற்றுக்கொண்ட கன்னடம். ஆகவே ஹுச்ச என்ற வார்த்தை அவருக்கு மிக நன்றாகத் தெரியும்.

தெருமுனைக் காபித்தூள் கடையில் நின்று, ரயில்வேயில் இருந்த தமிழ்க்காரர் குடும்பம் எது என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் உற்சாகமாக, “ஓ, ஹுச்சன மனெயவரா?” என்றிருக்கிறார். பைத்தியக்காரன் வீட்டுக்காரர்களா என்று. பெரியப்பா உடனே, எவ்வளவு காலமாக என்று கேட்டாராம். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே என்றாராம் கடைக்காரர். இவர் விடாமல், சரியாக்க யாரும் முயற்சி செய்யவில்லையா என்று கேட்க, அதெல்லாம் முடியாது, அஸ்திவாரமே அப்படி, இந்தத் தெருவில் பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாமே கொஞ்சம் ஹுச்சுதான், வெளியூரிலிருந்துகூட வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் வீடுகளைச் சொன்னார். பெரியப்பா ஆட்களை நினைத்துக்கொண்டார். போட்டுவைத்த காபியைக்கூடத் தொடாமல் பின்னங்கால் பிடரியில் பட பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டார்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்கு வந்தது ஒரு போன் மட்டும். வேறு ஜோசியரிடம் காட்டினோம், பொருத்தம் சரியில்லை என்கிறார், தப்பாக நினைக்காதீர்கள் என்று பையனின் அப்பா சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நந்தினி வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள். சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு நல்ல இடம் அமையும் என்று நான் ஆரம்பித்தபோது, “இவன் இல்லன்னா பரவால்லன்னு சொல்ல எனக்கு வரலம்மா” என்றாள். சின்ன வயதில் முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தாலும் அழாத பெண் மாமா அவள்.

உண்மைக் காரணத்தை பிரபாகர்தான் பஸ்ஸில் அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். உங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து பைத்தியம் என்று பெரியப்பா விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார், நான் நம்பவில்லை, ஆனால் வீட்டில் எல்லோரும் அரண்டுபோய் இருக்கிறார்கள் என்று. நந்தினி வந்து சொன்னதும் நான் சிரித்தேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உங்கள் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் பெரியப்பா சொன்னது சரிதானோ என்ற சந்தேகம் தெரிந்தது.

சிரித்து முடித்ததும் கோபம் வந்தது, உங்கள்மேல், ஜட்காக்காரர்மேல், அந்த இன்ஜினியர்மேல். உங்கள் பிள்ளை, கல்லைப் பெயர்த்துவிட்டு நல்ல சாமி பெயராக ஒரு பலகை மாட்டிவிடலாம், தெருக்காரர்களிடமும் சொல்லிவைக்கலாம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நந்தினிதான் ஒப்புக்கொள்ளவில்லை. பெயரை மாற்றினால் எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடும், அவர்கள் வந்து வீட்டைப் பார்க்கட்டும், பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் சரி என்றாள். பிரபாகரிடமும் அதையே சொல்லி, அவன் வீட்டில் மன்றாடி அவர்களை அழைத்துவர வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, அந்தப் பெரியப்பா. மரியாதையாக வாசலில் நின்று வரவேற்க உங்கள் பிள்ளை தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவர் நின்றது வாசலில். அவர்களோ வீட்டின் மூலையில் வந்து நின்று, கதவைத் தேடி எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இவர் தேடிக்கொண்டு போக, அவர்கள் அந்தப் பக்கம் வர, ஒரு முழுப் பிரதட்சிணம் ஆன பிறகுதான் சந்தித்துக்கொண்டார்கள். பைத்தியம் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய நாளில் நல்ல ஆரம்பம்.

கீழே நடந்ததை எனக்குச் சாரதம்மா சொன்னார். அவரை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்துவிட்டார். அனந்தண்ணாவும் சேஷண்ணாவும் பின்னாலேயே வந்து, காபித்தூள் கடைக்காரரையும் கையோடு அழைத்துவந்திருந்தார்கள். சாரதம்மா தன் கன்னடத் தமிழில், “ஹுச்சு மனெக்குத்தான்ரீ, மனுஷங்களுக்கு இல்ல. நாங்க இவங்ககூட எத்தன வர்ஷமா இருக்கோம், கேளுங்க” என்றாராம். கடைக்காரர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வீட்டைச் சொல்கிறாரா ஆளைச் சொல்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பெரியப்பா நொந்துகொண்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

ஆனால் மனிதர் லேசில் விடவில்லை. சரி, பைத்தியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் பெண் எடுத்த இடம் பைத்தியக்காரன் வீடு என்று ஊர் சிரிக்காதா, சொந்தக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார். பையனின் அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது. எதற்கும் பையனின் அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்போம் என்று திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாளைக் காணோம்.

அவர் மாடியில் என்னோடு இருந்தார் மாமா. வீட்டைச் சுற்றிய சுற்றில், எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்ட இடத்தில் மனுஷர் இருப்பார்கள் என்று வெளிப்படிக்கட்டில் ஏறி வந்துவிட்டார். நான் கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு, முகமெல்லாம் எண்ணெய் வழிய வடை தட்டிக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை கீழே பீரோவில். சம்பந்தியம்மாள் என்னை முதன்முதலில் பார்த்த லட்சணம் அது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு எதிரே இருக்கும் பெரிய ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். இது என்ன மலை என்று கேட்டார். சாமுண்டி மலை என்றேன். கிட்டே வந்து, அடுப்பின் முன்னால் என் பக்கத்தில் நின்று பார்த்தார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார், மறுபடி அடுப்புக்கு நேரே வந்தார். மாடியில் போய்ச் சமையலறையா என்று குறை சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈடு வடை கருகியே போயிற்று. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, உச்சி அறையிலிருந்து மலையைப் பார்க்கத்தான் வீட்டையே திருப்பிக் கட்டினார்கள் என்று உங்கள் கட்சியைச் சொன்னேன்.

“மேல இருக்கிற ரூமுக்குத்தான் நாலு பக்கமும் ஜன்னல் இருக்குதே. அதுக்காக வீட்டத் திருப்பவேண்டியது இல்லீங்களே” என்றார். “கீழருந்து பாத்தா மலை தெரியல. நேரா கட்டியிருந்தா இந்த அடுப்பு முன்னால பக்கத்து வீட்டுச் சுவருதான் தெரியும். அடுப்புல நிக்கிறவங்களுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சிருக்காரு.”

எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் மலையிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் சமையலறையில் ஜன்னலே கிடையாது என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரே சுவரைப் பார்த்துச் சமைக்கிறாராம். அதில் எந்த விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். பிறகு, “இதைக் கட்டினவரையா பைத்தியம்கிறாங்க? அவரு சம்சாரம் குடுத்து வெச்சவங்க” என்றார்.

மாமா, எத்தனை வருஷம் அந்த ஜன்னல் முன்னால் நின்றிருக்கிறேன். விடியும்போது மலைமேல் பனி கலைவதைப் பார்த்தபடிதான் தினமும் பால் காய்ச்சினேன். அது தானாக அமைந்தது என்றே நினைத்திருந்தேன். எனக்காக இல்லாவிட்டாலும், அடுப்படியில் நிற்கப்போகும் யாரோ ஒரு பெண்ணுக்காக ஒரு மனிதர் ஊர் சிரிப்பதைப் பொருட்படுத்தாமல் மொத்த வீட்டையும் திருப்பி வைத்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. நீங்கள் என்றைக்கு அடுப்படியில் நின்றீர்கள்?

அத்தை இருந்தால் கேட்டிருப்பேன். அவருக்குத் தெரிந்திருக்குமோ? காய் நறுக்க அந்த ஜன்னலடியில்தான் உட்காருவார், வேறு யாரும் அங்கே உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார். எப்போதாவது உங்களிடம் சொன்னாரா? நீங்கள் உச்சி அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தீர்களா?

அந்த அம்மாள் வடைத் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கூடத்தில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நந்தினி கதவோரமாக நின்றாள். பெரியப்பா மறுபடியும், ஊர் என்ன சொல்லும் என்று தொடங்கினார். அந்த அம்மாள் தட்டைப் பெரியப்பா முன்னால் வைத்துவிட்டு, “தையில வெச்சுக்கலாங்க” என்றார். அவ்வளவுதான். என் பெண் என்னைப் பார்க்கவில்லை, பிரபாகரையும் பார்க்கவில்லை, சாரதம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

நிச்சயதார்த்தம் உங்கள் உச்சி அறையில்தான் நடந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அனந்தண்ணா குறுகிய படிக்கட்டில் ஏறமுடியாமல் பாதியில் நின்றே தாம்பூலம் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் பிரபாகர் வந்தபோது சேலத்துச் செய்தி ஒன்று சொன்னான். அவன் அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டு, சமையலறைச் சுவரை இடித்து ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டாராம். அந்தப் பக்கம் மலையெல்லாம் கிடையாது, பக்கத்து வீட்டு முருங்கை மரமும் அதன் கீழே கட்டிய ஒரு மாடும்தான். பெரியப்பா ஓடிவந்து, நல்ல சுவரை இடிக்கிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று கத்தியிருக்கிறார். அந்த அம்மாள் செங்கல் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னாராம்:

“ஆமாங்க. சம்பந்தி வீட்டுலருந்து ஒட்டிக்கிச்சு.”

நந்தினியை எந்தக் கவலையும் இல்லாமல் அந்த அம்மாள் கையில் கொடுக்கப்போகிறேன் மாமா. அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீடு பார்க்கச் சேலம் போகவேண்டும். கூடத்தில் யார் இருந்தாலும் சரி, நான் நேரே சமையலறைக்குத்தான் போவேன். அந்த முருங்கை மரத்தை, உங்களுக்கும் அத்தைக்கும் சேர்த்து, கண் நிறையப் பார்த்துவிட்டுத்தான் பாயில் உட்காருவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் வாயாடி மருமகள்,
விஜயா